பிரேக் லைனுக்கு எடுத்த அளவு

மருமகள் வண்டியின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். கழற்றி எடுத்த பழைய ரப்பர் குழாயை இரண்டு கைகளாலும் வளைத்து, ஜன்னலை நோக்கித் தூக்கிக் காட்டினாள். வளைந்த இடத்தில் வறண்ட குதிகால் மாதிரி பொடிப்பொடியாக வெடிப்பு.

"பாருங்க அத்தை. இத்தனை நாளா இதை நம்பித்தான் மலை இறங்கியிருக்கேன்."

ஜன்னலுக்கு உள்ளே தையல் மெஷினில் இருந்த மாமியார், நெற்றியில் ஏற்றி வைத்திருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கிப் பார்த்தாள்.

"இதை எதுக்கு எங்கிட்ட காட்டுற? நான் நிம்மதியா ரெண்டு சட்டை தைக்கறது பிடிக்கலையா உனக்கு?"

"என்னன்னு தெரிஞ்சுட்டா பயம் போயிடும் அத்தை."

"எனக்கு அப்படி இல்லைம்மா. தெரியத் தெரியத்தான் எனக்குப் பயம்."

மருமகள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அந்தக் குழாயைச் சுருட்டி ஓரமாக வைத்தாள். தூக்கி எறியவில்லை. உழைத்து ஓய்ந்ததை எறிவதற்கும் வைப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை மாமியார் கவனித்தாள். கவனித்தது அவளுக்கே எரிச்சலாக இருந்தது. இன்றைக்கு இந்தப் பெண்ணிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொல்ல வேண்டிய நாளில் போய் அவளிடம் நல்லதாகக் கண்ணில் படுகிறதே என்று எரிச்சல்.

வீட்டின் முன்னறைதான் தையல் அறை. துணி வெட்டும் மேசை, இரண்டு மெஷின், சுவரோடு சுவராகத் தொங்கும் பள்ளிச் சீருடைகள். ஜன்னலுக்கு வெளியே தகரக்கூரை போட்ட சிமெண்ட் தளம். வண்டி நிற்பது அங்கேதான். மாமியார் துணியோடும் மருமகள் வண்டியோடும் மல்லுக்கட்டுவது ஒரே ஜன்னலின் இரண்டு பக்கங்களில்.

மருமகளுக்கு ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. நடமாட முடியாதவர்களின் வீட்டுக்கே போய் ரத்தம் எடுத்து வருவாள். மலைமேல் ஒன்று அங்கே ஒன்று இங்கே என்று சிதறிக் கிடக்கும் வீடுகள் எல்லாம் அவள் பொறுப்பு. தெருவில் அவளுக்கு 'ஊசி' என்றே பெயர். மாமியார் அவளை முதன்முதலில் பார்த்ததும் ஊசியோடுதான். கண் அறுவை சிகிச்சைக்கு முன்னால் ரத்தம் பார்க்கச் சொன்னார்கள். இரண்டு பேர் மாறி மாறிக் குத்திவிட்டு, "உங்களுக்கு நரம்பே இல்லையேம்மா" என்று அவள்மேலேயே பழியைப் போட்டார்கள். மூன்றாவதாக வந்த இந்தப் பெண் அவசரப்படவில்லை. மணிக்கட்டைத் தன் உள்ளங்கைக்குள் வைத்துச் சூடேற்றினாள். பிறகு கையைப் பார்க்காமல் எங்கேயோ பார்த்துக்கொண்டு விரலால் தடவினாள். "இங்க இருக்கு. ஒளிஞ்சு விளையாடுது" என்றாள். ஒரே குத்து. வலித்ததா என்று யோசிப்பதற்குள் பஞ்சை வைத்து அழுத்தியாகிவிட்டது. துணைக்குப் போன மகன் பக்கத்தில் பையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ரத்தம் எடுத்தது எங்கிட்ட. மயங்கி விழுந்தது எம்பையன்" என்று துணி தைக்க வருகிறவர்களிடம் இன்றைக்கும் சொல்வாள். கல்யாணம் ஆகி இத்தனை வருஷமாகியும் அந்தப் பேச்சு அலுக்கவில்லை.

அந்த மகன்தான் இன்று காலை, வேலைக்குக் கிளம்பும்போது, வாசல் கேட்டில் நின்று குரலைத் தாழ்த்தினான்.

போன வாரம் மருமகள் மலை இறங்கும்போது பிரேக் பிடிக்கவில்லை. கைப்பிடியில் இருக்கும் லிவரை அமுக்கினால் பஞ்சில் அமுக்கின மாதிரி உள்ளே போயிருக்கிறது. மருமகள் வளைவில் இருந்த மண்மேட்டில் வண்டியை ஏற்றி நிறுத்தியிருக்கிறாள். முழங்கையில் சிராய்ப்பு. ரத்தக் குப்பிகள் இருந்த பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை ஒளிக்கத் தெரியாதவள், வீட்டுக்கு வந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு நடந்ததை நடந்தபடியே சொன்னாள். அன்றிலிருந்து மகனுக்குத் தூக்கம் போயிற்று. அவன் பஸ் டெப்போவில் நேர அட்டவணை போடுகிறவன். எதுவும் போன இடத்திலிருந்து சொன்ன நேரத்துக்குத் திரும்பி வந்துவிட வேண்டும் அவனுக்கு.

பரிசோதனைக்கூடத்தில் கவுண்டர் வேலை ஒன்று காலியாக இருந்தது. வேண்டுமா வேண்டாமா என்று நாளைக் காலைக்குள் மருமகள் பதில் சொல்ல வேண்டும். மலை வேண்டாம், கவுண்டரில் உட்கார் என்றான் அவன். முதலில் பிரேக்கைச் சரி பண்ணுகிறேன், அப்புறம் பேசலாம் என்றாள் அவள். பேச்சு அங்கேயே நின்றது.

"நான் சொன்னா சண்டையா ஆயிடுது. நீ சொன்னா கேப்பாம்மா" என்றான் கேட்டில் நின்று. "உன்மேல அவளுக்கு அவ்வளவு மரியாதை. சாயந்திரம் நான் வர்றதுக்குள்ள சொல்லிடு."

"சொல்றேன்டா" என்று சொல்லிவிட்டாள். அவன் முகம் அப்படி இருந்தது. அவன் முகத்தில் இருந்த பயம் அவளுக்கும் இருந்தது.

காலையிலிருந்து அந்த வாக்கியம் அவள் வாயில், தைக்கும்போது உதட்டில் கடித்துப் பிடிக்கும் குண்டூசி மாதிரி இருந்தது. விழுங்கவும் முடியாது, அதை வைத்துக்கொண்டு வேறு எதுவும் நிம்மதியாகப் பேசவும் முடியாது.

மருமகள் காகிதப் பொட்டலத்தைப் பிரித்துப் புதுக் குழாயை வெளியே எடுத்தாள். மெல்லிய எஃகுக் கம்பிகளைப் பின்னிப் பின்னிச் செய்த குழாய். மேலே கண்ணாடி மாதிரி ஓர் உறை. மாமியார் மெஷினை விட்டு எழுந்து வெளியே வந்துவிட்டாள். எது கையில் கிடைத்தாலும் கட்டைவிரலால் தேய்த்துப் பார்க்கும் பழக்கம் அவளுக்கு.

"நெசவு மாதிரியே இருக்கேடி."

"நெசவுதான் அத்தை. பழசு ரப்பர். பிரேக் அமுக்கினா அதுவே கொஞ்சம் வீங்கும். நம்ம பலத்துல பாதியை அதுவே தின்னுடும். இது வீங்காது. அமுக்கினது அப்படியே சக்கரத்துக்குப் போகும்."

"இடுப்புக்கு எலாஸ்டிக் வச்சதை எடுத்துட்டு கான்வாஸ் பட்டி வச்ச மாதிரி."

"அதே! நான் அரை மணி நேரம் விளக்கினாலும் உங்க பையனுக்குப் புரியல. நீங்க ஒத்தை வரியில முடிச்சுட்டீங்க."

"அவனுக்கு எலாஸ்டிக்கே போதும்" என்றாள் மாமியார். இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும், மகனைக் காட்டிக்கொடுத்துவிட்ட மாதிரி இருந்தது அவளுக்கு.

அந்தக் குழாய் கடையில் தொங்கிக் கிடந்ததை வாங்கியதல்ல. அளவு சொன்னால் அதற்குத் தக்கபடி வெட்டி, இரண்டு முனையிலும் வளையம் வைத்துக் கொடுக்கும் கடை. போன வாரம் மருமகள் கையெல்லாம் கிரீஸாக இருந்தபோது, "அத்தை, உங்க இஞ்ச் டேப்பைக் கொண்டு வந்து இதைக் கொஞ்சம் அளந்து சொல்லுங்களேன்" என்றாள். கழுத்தில் எப்போதும் தொங்குகிற நாடா. மாமியார் குனிந்து, கைப்பிடியிலிருந்து சக்கரம் வரை அளந்து சொன்னாள். மருமகள் அதை அப்படியே கடையில் சொல்லிவிட்டு வந்தாள்.

மருமகள் வேலையைத் தொடங்கினாள். பெட்ரோல் டாங்க் மேல் பழைய போர்வைத் துணியை நாலாக மடித்துப் போட்டாள். பிரேக் ஆயில் ஒரு சொட்டு பட்டாலும் பெயிண்ட் உரிந்துவிடுமாம். குழாய் முனையின் வளையத்துக்கு இந்தப் பக்கம் ஒரு செப்பு வாஷர், அந்தப் பக்கம் ஒரு செப்பு வாஷர், நடுவே போல்ட். பழைய வாஷர்கள் பளபளவென்றுதான் இருந்தன.

"இதையே போட்டா என்னடி? நல்லாத்தானே இருக்கு?"

"பாக்கத்தான் அப்படி. ஒருதடவை நசுங்கினது இன்னொரு தடவை சரியா நசுங்காது. ஆயில் கசியும். அதான் மாத்துக்கும் சேர்த்துப் புதுசாவே வாங்கிட்டேன்."

பட்டறைக்காரரிடம் இரவல் வாங்கிய நீளமான ஸ்பேனர் ஒன்று இருந்தது. எவ்வளவு இறுக்க வேண்டுமோ அதைத் திருகி வைத்துவிட்டால், அந்த அளவு வந்ததும் 'டக்' என்று சொல்லும். மருமகள் மூச்சைப் பிடித்து இறுக்கினாள். டக். உடனே கையை எடுத்துவிட்டாள்.

"இன்னும் ஒரு சுத்து இறுக்கேன். பலமா இருக்கும்ல?"

"போதும்னா போதும் அத்தை. அதுக்குமேல போனா மரை பிச்சுக்கும்."

பயப்படுகிறவர்கள்தான் இன்னும் ஒரு சுற்று இறுக்குவார்கள். மாமியாருக்கு அது தன்னைப் பற்றிச் சொன்னதுபோல் இருந்தது. எத்தனை பொத்தானை நூல் சுற்றிச் சுற்றி, துணியே கிழியும் அளவுக்கு இறுக்கியிருக்கிறாள். இந்தப் பெண்ணின் கை வேலை செய்வதைவிட, நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதுதான் அழகாக இருந்தது. அன்று பஞ்சை வைத்து அழுத்திய கையும் அப்படித்தான் சட்டென்று எடுபட்டது.

"இப்ப நீங்க வேணும் அத்தை. உள்ள இருக்கற காத்தை எடுக்கணும். ஒருத்தர் லிவரைப் பிடிக்கணும், ஒருத்தர் கீழ திறந்து மூடணும்."

"நானா? எனக்கு என்னடி தெரியும்?"

"மெஷின் மிதிக்கறீங்கல்ல? அதேதான், கையால. நான் சொல்லும்போது அமுக்குங்க. நான் விடச் சொல்றவரைக்கும் விடாதீங்க. நடுவுல விட்டா, வெளியே போன காத்து மறுபடி உள்ள வந்துடும்."

மாமியார் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வண்டியை அவள் இதற்கு முன் தொட்டதெல்லாம் துணி காயப்போடும்போது நகர்த்தவும், போன வாரம் அளக்கவும்தான். கீழே மருமகள், சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் காலிப்பரின் சின்னக் குமிழில் கண்ணாடி மாதிரியான டியூபைச் செருகி, மறுமுனையை ஒரு பாட்டிலுக்குள் விட்டிருந்தாள்.

"அமுக்குங்க... ம்... பிடிங்க."

ஸ்பேனர் கால் சுற்று திரும்பியது. லிவர் அவள் கைக்குள் இறங்கிக்கொண்டே போயிற்று. டியூபில் குமிழி குமிழியாக ஏதோ ஓடியது.

"பிடிச்சுக்கிட்டே இருங்க... மூடிட்டேன். விடுங்க."

அமுக்கு, பிடி, விடு. கொஞ்ச நேரத்தில் சொல்லாமலே இருவருக்கும் தாளம் வந்துவிட்டது. நடுநடுவே மருமகள் எழுந்து மேலே கைப்பிடியோடு இருந்த பிரேக் ஆயில் கிண்ணத்தில் ஆயில் ஊற்றினாள். அப்புறம் நகத்தால் குழாயைக் கீழிருந்து மேலாகச் சுண்டிக்கொண்டே வந்தாள். ஊசிக்குள் இருக்கும் காற்றுக்குமிழியைச் சுண்டி மேலே ஏற்றுகிற அதே சுண்டல். மாமியாருக்கு உடம்பு ஒருமுறை சிலிர்த்தது. இவள் எங்கேயும் புதிதாக எதையும் செய்வதில்லை. தன் கையை நம்பி, தெரிந்ததைத் தெரியாத இடத்துக்கு எடுத்துக்கொண்டு போகிறாள்.

அந்த நேரம் பார்த்து மாமியாரின் போன் அடித்தது. ஒரு கையால் எடுத்துத் தோளில் இடுக்கிக்கொண்டாள்.

"சொல்லிட்டியாம்மா?" என்றான் மகன்.

"பிடிச்சுக்கிட்டு இருக்கேன்டா."

"எதைப் பிடிச்சுக்கிட்டு இருக்க?"

"பிரேக்கை."

"அம்மா, நான் உங்கிட்ட என்ன சொன்னேன், நீ என்ன பண்ணிக்கிட்டு இருக்க?"

"விடக்கூடாதுன்னு சொல்லியிருக்காடா. விட்டா காத்து வந்துடும். நீ வை போனை."

கீழே மருமகள் தலையைத் தூக்கவில்லை. "அவரா?" என்று மட்டும் கேட்டாள்.

"வேற யாரு? மூணு மணி பஸ் போயிடுச்சான்னு கேக்கறான்."

பொய். மருமகள் குமிழை மூடினாள். "விடுங்க" என்றாள். குரலில், தெரியும் என்பதுபோல் ஏதோ இருந்தது. மாமியார் விட்டாள்.

குமிழிகள் குறைந்தன. அப்புறம் நின்றே போயின. டியூபில் ஆயில் மட்டும் தேன்மாதிரி இறங்கியது. "இப்ப அமுக்கிப் பாருங்க" என்றாள் மருமகள். மாமியார் அமுக்கினாள். லிவர் கொஞ்சம் வந்தது, பிறகு கல்லில் முட்டியமாதிரி நின்றுவிட்டது. எவ்வளவு அழுத்தினாலும் நகரவில்லை.

"அடேயப்பா!" என்றாள் தன்னையறியாமல். "முடிஞ்சுதா?"

"முடிஞ்சிருக்கும். இன்னும் ஒண்ணு பாத்துடறேன்."

மருமகள் வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றினாள். "பின்னாடி கேரியரைக் கீழ அமுக்குங்க அத்தை" என்றாள். மாமியார் இரண்டு கையாலும் சாய்ந்து அமுக்க, முன்சக்கரம் தரையை விட்டு எழும்பியது. சக்கரத்தைத் தாங்கும் இரண்டு தண்டும் உள்ளிருந்து வெளியே நீண்டு இறங்கின. உட்கார்ந்திருந்த ஆள் எழுந்து நின்ற மாதிரி வண்டியே உயரமாயிற்று. அதோடு, அழகாக வளைந்திருந்த புதுக் குழாய் வளைவெல்லாம் போய், துணி காயப்போட்ட கொடிபோல விறைத்து நின்றது.

மருமகள் அதை ஒரு விரலால் தொட்டாள். தொட்ட விரலை எடுக்கவில்லை.

"பத்தல" என்றாள்.

மாமியாருக்குள் முதலில் எழுந்தது என்ன என்று அவளுக்குத் தெளிவாகத் தெரியும். பின்னால் எத்தனை முறை திருப்பிப் பார்த்தாலும் அதற்கு வேறு பெயர் வைக்க முடியவில்லை. நிம்மதி. குழாய் பத்தவில்லை, கடைக்கு இன்றைக்கு வார விடுமுறை, நாளைக் காலைக்குள் ஒன்றும் ஆகாது. அந்த வாக்கியத்தைத் தன் வாயால் சொல்லவே வேண்டாம். வண்டியே சொல்லிவிட்டது. குண்டூசி உதட்டிலிருந்து தானாகக் கழன்று விழுந்த மாதிரி இருந்தது.

இரண்டாவதாக வந்ததுதான் அவளை உலுக்கியது. அளந்தது யார்?

அவள் வாடிக்கையாளரை அளக்கும்போது நாடாவை உடம்போடு ஒட்டித்தான் பிடிப்பாள். சொல்வது உடம்பளவு. உட்கார, எழ, கை தூக்க வேண்டிய தளர்ச்சியை வெட்டும்போதுதான் சேர்ப்பாள். அதை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. வெட்டுவதும் அவள்தானே, யாரிடம் சொல்ல வேண்டும்? பழைய ரப்பர் குழாயில் கீழே ஒரு தொங்கல் இருந்தது. நாடா அதைத் தாண்டி நேராகப் போனது. வண்டி வேறு தரையில் உட்கார்ந்த நிலையில் இருந்தது. உடம்பளவைச் சொன்னாள். மருமகள் அதையே வெட்டும் அளவு என்று எடுத்துக்கொண்டாள்.

பழக்கம்தான். ஆனால் வெறும் பழக்கம்தானா? இத்தனை வருஷத்தில் ஒரு சீருடையிலாவது அவள் கை தளர்ச்சி விட மறந்ததுண்டா? வண்டிக்கு அளக்கும்போது மட்டும் எப்படி மறந்தது? அவளுக்கு விடை தெரியவில்லை. தெரியாததுதான் பயமாக இருந்தது.

"இவ்வளவு தூரம் சக்கரம் எப்ப இறங்கப் போகுது?" என்று கேட்டாள், சும்மா பேச்சுக்கு. "ரோட்டுல போகும்போது தரையிலதானே இருக்கும்?"

"வேகத்தடையில ஏறி இறங்கினாப் போதும் அத்தை. குழியில விழுந்து எழுந்தா போதும். ஒவ்வொரு தடவையும் இழுக்கும். இழுத்து இழுத்து ஒருநாள் முனையில விட்டுடும்." மருமகள் எழுந்து இடுப்பில் கை வைத்து நின்றாள். "வெளிய பாத்தா யாருக்குமே தெரியாது. லிவர் கல்லுமாதிரி இருக்கு. உங்க பையன் வந்து அமுக்கிப் பாத்தா சபாஷ்னுதான் சொல்லுவாரு."

"அப்புறம் என்ன?"

"எனக்குத் தெரியுமே."

அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டுத் துணியைச் சரியாக இழுத்துப் போட்டு, இறுக்கின போல்ட்டைக் கழற்ற ஸ்பேனரைக் கையில் எடுத்துவிட்டாள். முகத்தைச் சுளிக்கவில்லை. யார் அளந்தது என்று ஒரு வார்த்தை இல்லை. மாமியார் தன் வாழ்நாளில் நிறையத் தையல்காரர்களைப் பார்த்திருக்கிறாள். தைக்கத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர். தைத்து முடித்து, இஸ்திரி போட்டு, ஆள் வாசலில் காத்திருக்கும்போது, வெளியே தெரியாத ஒரு கோணலுக்காக முழுக்கையையும் பிரிக்கிறவர்கள் இரண்டு பேரோ மூன்று பேரோ. அவர்களும் வாய்க்குள் திட்டிக்கொண்டேதான் பிரிப்பார்கள். அவளே திட்டுவாள். இவள் திட்டக்கூட இல்லை.

"இருடி" என்றாள் மாமியார். "அளவு என்னோடது. நான் உடம்பளவு சொல்லிட்டேன். லூஸ் சேர்க்கல. அந்தத் தொங்கலை நான் கணக்குலயே எடுத்துக்கல."

மருமகள் அவளை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு நாடாவைப் பார்த்தாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"வண்டிக்கு டைட் ஃபிட்டிங் எடுத்துட்டீங்களா?"

"சிரிக்காதடி. அதோட மலைக்குப் போயிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

"எடுத்த டேப் உங்களுது. வண்டியை நிக்க வச்சு அளக்கணும்னு தெரிஞ்சது எனக்கு. நான்தானே சொல்லியிருக்கணும்?" அவள் மறுபடி குந்தினாள். குழாயையும் அது போகும் பாதையையும் கண்ணால் மேலிருந்து கீழாகத் தடவினாள். அன்று நரம்பைத் தேடிய அதே பார்வை. விரலை எடுத்துப் பழைய பாதையில் வைத்தாள். கைப்பிடியிலிருந்து முன்னால் போய், ஹெட்லைட்டைத் தாங்கும் வளையத்தை வெளியே சுற்றி, பிறகு கீழே. "இது ஏன் இப்படி ஊரைச் சுத்திக்கிட்டுப் போகுது?" என்று தனக்குத்தானே கேட்டாள். "வளையத்துக்கு உள்ளாடி நேரா இறங்கினா?"

மாமியார் நாடாவை நீட்டினாள். இம்முறை கேரியரின் மேல் ஏறி உட்கார்ந்தே விட்டாள். சக்கரம் எழும்பி நின்றது. மருமகள் நாடாவை உள்வழியாக விட்டு, தொங்கவிட்டு, அளந்தாள். முகம் மலர்ந்தது.

"ரெண்டு விரக்கடை மிச்சம் இருக்கு அத்தை! போதும். கை தூக்கினாலும் பிடிக்காது."

வளையத்துக்குள் விட வேண்டுமானால் மேல் முனையைக் கழற்றியாக வேண்டும். கழற்றினால் ஆயில் போகும், காற்று வரும், செப்பு வாஷர் வீண். எல்லாம் முதலிலிருந்து. மருமகள் கழற்றினாள். மாற்றுக்கு வைத்திருந்த வாஷர்களைப் போட்டாள். டக். கையை எடுத்தாள். கைப்பிடியை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் திருப்பி, எங்கேயும் உரசவில்லை என்று பார்த்தாள். டயரில் படாமல் இருக்க, குழாயைத் தண்டோடு சேர்த்துக் கிளிப்பில் பிடித்தாள்.

"அமுக்குங்க."

மாமியார் அமுக்கினாள். வெளியே வெயில் சாய்ந்து, தகரக்கூரையின் நிழல் தெருவரை நீண்டுவிட்டது. சீருடை வாங்க வந்த ஓர் அம்மாவை, "நாளைக்கு வாம்மா, கை வேலையா இருக்கேன்" என்று திருப்பி அனுப்பினாள். வந்தவள், பிரேக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கும் தையல்காரியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

பிடி. விடு. இம்முறை லிவரைப் பிடித்திருந்தபோது மாமியார் வேறு எதையும் நினைக்கவில்லை. கைக்குள் இருந்த அந்த அழுத்தத்துக்கு மறுமுனையில் மருமகளின் விரல் இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது. மகனும் இப்படித்தானே பிடித்துக்கொண்டிருக்கிறான் என்று தோன்றியது. பிடிக்கத் தெரிந்திருக்கிறது அவனுக்கு, எப்போது விடுவது என்று யாரும் சொல்லவில்லை.

லிவர் கல்லாயிற்று. சக்கரத்தைத் தூக்கிப் பார்த்தார்கள். குழாய் நிதானமாக வளைந்தே இருந்தது.

மருமகள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு தெருவில் தனியாக ஓட்டிப் பார்த்தாள். மெதுவாகப் போய் நிறுத்தினாள், கொஞ்சம் வேகமாகப் போய் நிறுத்தினாள். இறங்கி, இரண்டு முனையிலும் வெள்ளைத் துணியால் துடைத்து ஈரம் இருக்கிறதா என்று பார்த்தாள். துணி வெள்ளையாகவே இருந்தது. திரும்பி வந்தபோது, மாமியார் மகனுடைய ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கேட்டில் நின்றாள்.

"அத்தை?"

"என்ன அத்தை? வண்டியை எடு."

"நீங்க ஓடுற வண்டியில ஏறினதே இல்லையே!"

"அளவு எடுத்தவ போட்டுப் பாக்க வேண்டாமா?"

ஏறுவதற்குள் ஒரு கூத்தாகிவிட்டது. கால் எங்கே வைப்பது, எதைப் பிடிப்பது, ஹெல்மெட் கண்ணை மறைக்கிறது. கடைசியில் மருமகளின் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டாள். தெருமுனைக்கு அப்பால் சாலை சரிவாக இறங்கி பஸ் நிறுத்தத்தில் போய் முடியும். சரிவு தொடங்கியது வயிற்றுக்குத் தெரிந்தது. காற்று காதுக்குள் கத்தியது. விழுந்தால் விழட்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. விழ மாட்டோம் என்றும் தோன்றவில்லை. பயம் அப்படியேதான் இருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்றும் வந்து உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான்.

"இப்ப பிடிக்கறேன் அத்தை" என்று முன்னாலிருந்து குரல் வந்தது.

வண்டி குலுங்கவில்லை, வழுக்கவில்லை. ஒரு பெரிய கை வந்து வேகத்தையெல்லாம் உள்ளங்கையில் வாங்கி இறக்கி வைத்த மாதிரி நின்றது. கண்ணைத் திறந்தாள். எதிரே, பஸ்ஸிலிருந்து இறங்கி, தோளில் பையோடு, வாயைத் திறந்தபடி அவள் மகன் நின்றுகொண்டிருந்தான்.

"அம்மா... இது என்னம்மா?"

"பாத்தா தெரியல? வந்து பிரேக்கை அமுக்கிப் பாரு."

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் தோளைக் குலுக்கினாள். அவன் வந்து லிவரை அமுக்கினான். நின்றுவிட்டது. நம்பாமல் இன்னொரு முறை அமுக்கினான்.

"நல்லா இருக்கு" என்றான் கடைசியில். குரல் இறங்கியிருந்தது. அம்மாவின் பக்கம் குனிந்தான். "நீ சொல்றேன்னு சொன்னியேம்மா."

"சொல்றேன்னுதான் சொன்னேன். யார்கிட்டன்னு சொன்னேனா? உங்கிட்ட சொல்றேன், கேளு. எல்லாம் முடிஞ்சு, கல்லுமாதிரி பிடிச்சு, நீ வர்ற நேரமும் ஆயிடுச்சு. வெளிய யாருக்கும் தெரியாத ஒரு குத்தத்துக்காக இவ மொத்தத்தையும் பிரிச்சுட்டு மறுபடி ஆரம்பிச்சா. குத்தமும் இவளுது இல்ல, என்னுது. நான் கூடவே நின்னு பாத்தேன்." மூச்சு வாங்கினாள். "இப்படி ஒருத்தியைக் கொண்டுபோய் கவுண்டர்ல உட்கார வைக்க எனக்கு வாய் வராதுடா. பயமா இருக்கா? எனக்கும் இருக்கு. நாம ரெண்டு பேரும் வீட்டுல உட்கார்ந்து பயப்படுவோம். அது நம்ம வேலை. அவ வேலை மலையில இருக்கு."

மருமகள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் மாமியாரின் கைகள் கட்டியிருந்த இடத்தில் அவள் வயிறு ஒருமுறை ஏறி, நின்று, மெதுவாக இறங்கியது.

"காலையில எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்று அவன் மனைவியிடம் கேட்டான். அவனுக்கு வேறு எப்படிக் கேட்கத் தெரியும்?

"ஆறு மணிக்கு."

"திரும்ப?"

"பன்னண்டுக்குள்ள வந்துடுவேன். மேல போய்ச் சேர்ந்ததும் போன் பண்றேன்."

அவன் தலையாட்டினான். மனதுக்குள் எங்கேயோ அட்டவணையில் ஒரு கோடு போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது. பிறகு அம்மாவைப் பார்த்து, "சரி, இறங்கும்மா. நடந்து போலாம்" என்றான்.

"நான் எதுக்கு இறங்கணும்?" ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டாள். அதற்குக் கீழே கழுத்தில் இஞ்ச் டேப் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. "மேடேறிப் பாக்க வேண்டாமா? நீ நடந்து வா. எடுடி வண்டியை."